விழாத கேலரியும் என் விசிலும்

மைதானத்தில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு மட்டும் ஆட்டம் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் நடக்கும். எனக்கு நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை. வருஷா வருஷம் ஏற்காட்டில் எஸ்டேட் அணிகளுக்குள் ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். பார்க்கப் பெண்கள் நிறைய வருகிறார்கள், அவர்களைக் கவனிக்க ஒரு பெண் வேண்டும் என்று கமிட்டிச் செயலாளர் மாணிக்கம் அண்ணன் கேட்டார். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் கடை வைத்திருக்கிறவர். மறுத்துப் பேச முடியாத மனிதர். பெண்கள் பக்கம் என்று ஆரம்பித்தது, இரண்டாவது நாளே மொத்தக் கூட்டமும் என் தலையில் வந்து விழுந்தது. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் அனுப்பியவர்கள், தேரோட்டத்தில் கயிறு பிடித்து நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது புரியும். எனக்குத்தான் இன்னும் சரியாகப் புரியவில்லை.

ஊதியது யாருக்கு?

முதல் வருஷம் எனக்குப் பளபளவென்று ஒரு மஞ்சள் மேல்சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். சட்டை எதற்கு என்று சொன்னார்கள். விசிலை எப்போது ஊதலாம், எப்போது ஊதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதல் மேட்சிலேயே நாலைந்து பேர் கயிற்றைத் தாண்டிக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். முகத்தில் பந்து பட்டால் பல் போய்விடும் என்று கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. விசிலை எடுத்துப் பலமாக ஊதினேன்.

அவர்கள் எழுந்து போனார்கள். ஆனால் பின்னால் ஆட்டச் சத்தமும் அடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் எல்லா ஆட்டக்காரர்களும் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். நாகலூர் அணிக்காரர் ஒருவர் காலடியில் பந்தோடு காலி கோலுக்கு முன்னால் நிற்கிறார். கோல் கீப்பர் தரையில் கிடக்கிறார். ரெஃப்ரி தன் விசிலைத் தூக்கிப் பார்க்கிறார். ஊதியது தானா என்று அவருக்கே சந்தேகம். நான்தான் என்று கையைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி தூக்கினேன். நாகலூர் தோற்றுப்போனது. மேட்ச் முடிந்ததும் அந்த ஆட்டக்காரர் என்னைத் தேடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எந்த டீமுங்க?"

மேகம் இறங்கிய மத்தியானம்

மலையில் பனிமூட்டம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு மேட்சின் நடுவில் மேகம் அப்படியே மைதானத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார். எங்கள் பக்கம் யாருக்கும் அது தெரியாது. எனக்கு ஒரே பயம், பார்வை மறைக்கிறது என்று கூட்டம் முன்னால் நகர்ந்துவிடும் என்று. அதனால் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கயிறு என் கையில் இருக்கிறவரை எல்லோரும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறார்கள் என்று தைரியமாக நின்றேன். கால் மணி நேரம் கழித்துக் காற்று அடித்து மேகம் கலைந்தது. கயிறு கையில்தான் இருந்தது. ஆனால் முளைக்குச்சிகளோடு பிடுங்கிக்கொண்டு, நான், கயிறு, கூட்டம் எல்லோருமாக மைதானத்துக்குள் பத்துப் பதினைந்து அடி வந்து நின்றிருந்தோம். யார் தள்ளினார்கள், எப்போது நடந்தேன், ஒன்றும் தெரியவில்லை. ரெஃப்ரி இடுப்பில் கை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரையும் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தபோது, வாழவந்தியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் நகராமல் நின்றார். மேகத்துக்குள் யாரோ விடாமல் கைதட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அது அவர்தான். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, ஆட்டமே நடக்கலைங்கறாங்க. அப்ப இத்தன நேரம் நான் யாருக்குக் கைதட்டினேன்?"

நல்ல இடம்

சரோஜா நாகலூர்க்காரர். சக்கர நாற்காலியில் வருவார். அவர் தம்பி நாகலூர் அணியில் ஆடுகிறார். போன வருஷம் அவரைச் சேற்றில் ஓரமாக நிறுத்தியது எனக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த முறை ஆசாரியிடம் சொல்லி, விருந்தினர் பந்தலுக்குப் பக்கத்தில் சரிவாகப் பலகை போட்டு, தனி மேடையே அமைத்துவிட்டேன். வெயில் படாது, மழை படாது, மைதானம் முழுக்கத் தெரியும். உட்கார வைத்துவிட்டு, இந்த வேலையில் முதல் தடவையாக ஒரு நிறைவோடு நடந்தேன்.

இடைவேளையில் போய்ப் பார்த்தால் அவர் முகம் வாடியிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றார். குளிருகிறதா என்றேன், இல்லை என்றார். எதிர்ப்புறம் நாகலூர் ஆட்கள் தகர டப்பாவைத் தட்டி ஆடிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எடம் நொம்ப நல்லாருக்குதுங்க. ஆனா சனமெல்லாம் அங்க இருக்குது, என்னைய மட்டும் எதுக்குங்க இங்க கொண்டாந்து உட்டீங்க?"

கடைசி அஞ்சு அடி

அதே வருஷம் அரையிறுதி அன்று காலையில் நல்ல மழை. சில்வர் ஓக் மரக் கம்பம் நட்டுப் பலகை அடித்த கேலரி எங்களுடையது. ஆட்டம் சமன் ஆகி, பெனால்டிக்கு ஏற்பாடு நடந்தது. கேலரியில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். தற்செயலாகக் கீழே குனிந்தேன். மூலைக் கம்பம் ஈர மண்ணில் ஒரு சாண் இறங்கியிருந்தது. காலையிலேயே அப்படித்தான் இருந்ததா, இப்போது இறங்கியதா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

மாணிக்கம் அண்ணனிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்தார். கம்பத்தை ஒரு உதை உதைத்தார். அசையவில்லை. ஒரு அணிக்கு அஞ்சு பெனால்டி அடி, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், அதுவரை பேசாமல் இரு என்றார். நான் மறுபடி மேலே பார்த்தேன். மேல் வரிசையில் ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கேட்காமல் நேராக மைதானத்துக்குள் நடந்து ரெஃப்ரியிடம் போனேன். கேலரி காலியாகிறவரை பந்தைத் தொட விடாதீங்க சார் என்றேன். அவர் கேலரியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஓடவிட்டால் அந்த அதிர்விலேயே கேலரி சாயும் என்று ஒவ்வொரு வரிசையாக இறக்கினேன். குழந்தை வைத்திருந்தவர்கள் முதலில். கடைசி வரிசையில் ஒரு லாரி டிரைவர் இறங்க மாட்டேன் என்று கத்தினார். என் வேலை, என் படிப்பு எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினார். அவர் மனைவி முதலில் இறங்கவே, திட்டிக்கொண்டே இறங்கினார். பெனால்டி நடந்தது. கேலரி விழவில்லை. சாயங்காலம் வரை காலியாக, நேராக நின்றது. மறுநாள் பிரிக்க வந்த ஆசாரியிடம் தாங்கியிருக்குமா என்று கேட்டேன். தாங்கியும் இருக்கும், தாங்காமலும் போயிருக்கும் என்றார்.

இறுதிப் போட்டிக்கு அந்த டிரைவர் மறுபடி வந்தார். கேட்டைத் தாண்டிப் போனவர், மனைவி ஏதோ சொல்ல, திரும்பி என் முன்னால் வந்தார்.

"நாங்க எறங்குன பொறவு அது உழுந்திருந்தா உங்களக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேனுங்க. உழுகவே இல்லீங்களே, இப்ப நான் என்ன பண்றதுங்க?"

இத்தனை வருஷமாகியும் நான் செய்வது சரியா தப்பா என்று காட்டித் தருகிற மாதிரி மைதானத்தில் ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் கூடாது என்றுதான் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் வேண்டிக்கொள்கிறேன்.