ராஜாவை ஒரு கட்டம் தள்ளினேன்

தாம்பரத்தில் செஸ் போட்டி என்றால் அப்போதெல்லாம் கல்யாண மண்டபம்தான். முந்தின நாள் ரிசப்ஷனின் சாம்பார் வாடை போகாத ஹாலில் நாங்கள் தலையைக் குனிந்து ஆடிக்கொண்டிருப்போம். ஜன்னல் கம்பிகளைப் பிடித்தபடி பெற்றோர்கள் நிற்பார்கள். ஆட்டம் புரிந்து நின்றவர்கள் குறைவு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் சீட் வாங்க ஒரு சர்டிபிகேட் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. அதில் என் அப்பாவும் ஒருவர்.

நான் பிளஸ் டூ படித்த வருடம் அது. கடைசி ரவுண்டில் எனக்கு எதிரே மேடவாக்கத்திலிருந்து வந்த பத்தாம் வகுப்புப் பெண். ஜெயிப்பவளுக்கு சர்டிபிகேட், தோற்பவளுக்கு ஒன்றுமில்லை. டிரா ஆனால் இருவருக்குமே உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா என் காதோரம் குனிந்தார்.

"அவங்கப்பாகிட்ட பேசிட்டேம்மா. டிரா பண்ணிக்குங்க. ரெண்டு பேருக்கும் நல்லது."

"என்னால முடியாதுப்பா. நான் ஆடத்தான் வந்திருக்கேன்."

"சரி சரி, உள்ள போ" என்றார். வீட்டிலும் எதற்கெடுத்தாலும் இப்படித்தான் சரி சரி என்பார். காதில் வாங்கியிருக்கவே மாட்டார்.

அந்தப் பெண் நன்றாக ஆடினாள். அவளுடைய ராணியும் குதிரையும் சேர்ந்து என் ராஜாவை நெருக்கிவிட்டன. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆடத் தகுந்த நகர்வுகளை முதலில் பொறுக்கிக்கொள்வேன். பிறகு ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்ப்பேன், நடுவில் தாவ மாட்டேன். அன்று மூன்று தேறின. ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டால் ஆபத்து தீரும், ஆட்டமும் அத்தோடு செத்துவிடும். குதிரையால் செக் வைப்பது பார்க்க ஜோர்தான். ஆனால் இன்னொரு செக்குக்குப் பிறகு அதற்குப் போக்கிடம் இல்லை. மிச்சமிருந்தது, ராஜாவை ஓரமாக ஒரு கட்டம் தள்ளுவது. ஒரு சிப்பாய் போகும். அதை வெட்ட அவள் குதிரை விலகினால் என் யானைக்கு வழி திறக்கும்.

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் அப்பா இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினார், டிரா என்று. பக்கத்தில் அவளுடைய அப்பா இளித்துக்கொண்டு நின்றார். சீ என்று ஆகிவிட்டது. ராஜாவைத் தள்ளினேன்.

அவள் சிப்பாயை வெட்டவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டுக் குதிரையைப் பின்னுக்கு இழுத்தாள். நான் பார்க்காத பதில். எனக்குக் கோபமே வரவில்லை, சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த மண்டபத்தில் அழுக்குப் படாமல் இருந்தது எங்கள் பலகை ஒன்றுதான். அதற்கப்புறம் ஒருவரையொருவர் விடாமல் ஆடினோம். காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டுக் கடைசியில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சினார்கள். டிரா.

வெளியே அவளுடைய அப்பா என் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க, சார்."

அப்பா மறுக்கவில்லை. எதையோ சாதித்த மாதிரி பல்லைக் காட்டினார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. நேராக அந்தப் பெண்ணிடம் போனேன். பலகையில் நடந்தது அவளுக்காவது தெரியுமே.

"குதிரையைப் பின்னால எடுத்தியே, சூப்பர்" என்றேன்.

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "தேங்க்ஸ்க்கா. நீங்களும் செமையா நடிச்சீங்க. உடனே டிரா பண்ணா யாருக்காவது டவுட் வரும்னு எங்கப்பா பயந்துட்டே இருந்தாரு."