வெள்ளைத்துரையின் குறட்டை

வெள்ளைத்துரை ஓட்டிய மினிபஸ்ஸில் ஏறியவர்கள் அவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். கை நீட்டிய இடத்தில் வண்டியை நிறுத்துவார் என்பது ஒன்று. சமயநல்லூர் ரயில் கேட் மூடியிருந்தால் ஸ்டீயரிங் மேல் கையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடுவார் என்பது இன்னொன்று. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நிற்கிற லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினாலும் அசைய மாட்டார். முன் சீட்டில் இருக்கும் பூக்காரப் பெண்கள்தான் தோளைத் தட்டி, "அண்ணே, கேட்டு தொறந்துருச்சு, எந்திரிங்க" என்பார்கள். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. விடியற்காலையில் வண்டி எடுக்கிற மனுஷன், களைப்பாக இருக்கும் என்று நினைத்தார்கள். அது களைப்பு இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

நான் அவருடைய பஸ்ஸில் ஏறியதே இல்லை. விளாங்குடியில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் இருவருக்கும் ஒரே வருஷம், 2006இல், மதுரையில் ஒரே ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். காயம் ஆறியதும், ஆபரேஷன் ஆனவர்களை வாராவாரம் வரவழைத்து நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்து உடம்பைத் தேற்றுகிற ஒரு பிரிவில் எங்களைச் சேர்த்தார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்து சைக்கிள்.

முதல் நாளே என்னைப் பார்த்து, "வாத்தியாரண்ணே, நானும் மிதிக்கேன் மிதிக்கேன், வண்டி எடத்த விட்டு நகர மாட்டேங்குதே. ஓனரு டீசல் போடலையா?" என்றார். எனக்கு எளிதில் சிரிப்பு வராது. அன்று வந்தது. பெரிய உடம்பு, கழுத்து எங்கே முடிகிறது தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அந்த ஆளுக்கு நான்கு வரி சேர்ந்தாற்போல் பேசினால் கண் சொருகும். மிதித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் அடுத்த நிமிஷம் குறட்டை. பெஞ்சே அதிரும்.

கூட அவர் மனைவி ஒச்சாயி வருவார். மெலிந்த உடம்பு, கண் இரண்டும் குழிக்குள் போயிருக்கும். ஒருநாள் என் மனைவி சுந்தரவல்லி அவரிடம், "ஏம்மா, சீக்கு அவருக்கா ஒனக்கா?" என்றே கேட்டுவிட்டாள். ஒச்சாயி சிரித்து மழுப்பிவிட்டார்.

அந்தப் பிரிவை நடத்திய டாக்டர் தாமரைச்செல்வி ஒருநாள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். தூங்கும்போது சிலருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வரும். தூங்குகிறவருக்கு அது தெரியாது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, இருதயம் பதறிப்போய் அடித்துக்கொள்ளும். ஆபரேஷன் செய்த இருதயம் இதை ராத்திரி ராத்திரி தாங்காது. ஆகவே உங்கள் எல்லோரையும் சோதிக்கப் போகிறேன், பக்கத்தில் படுப்பவர்கள் வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார்.

கழுத்து தடித்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, டேப்பை எடுத்து ஒவ்வொருவர் கழுத்தையும் அளந்தார். வெள்ளைத்துரை கழுத்தைக் கொடுத்துக்கொண்டே, "சட்டை தைக்கவாம்மா? காலரு கொஞ்சம் லூசா வைங்க" என்றார். தாமரைச்செல்வி சிரித்தார். ஆனால் டேப்பைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

என் முறை வந்தபோது சுந்தரவல்லி எனக்குப் பேச இடமே கொடுக்கவில்லை. இவர் குறட்டையில் ஜன்னல் ஆடும், நடுவில் சத்தமே இருக்காது, பிறகு தண்ணீரில் முங்கி எழுந்தவர் மாதிரி 'ஹா' என்று எழுவார், பக்கத்து வீட்டுக் குழந்தை இவரைக் கண்டாலே பயப்படுகிறது என்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மற்றவர்களுக்குப் புரியாத எங்கள் வீட்டு பாஷையில், போதும் வாயை மூடு என்றேன். அதே பாஷையில் எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். மானம் போயிற்று. ஆனால் உயிர் தப்பியது. சோதனையில் எனக்கு அந்த நோய் இருப்பது தெரிந்து, மூக்கில் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். வெள்ளைத்துரை அதற்கு 'யானைத் தும்பிக்கை' என்று பெயர் வைத்தார்.

எனக்குப் பிறகு ஒச்சாயியைக் கூப்பிட்டார்கள்.

"தூக்கத்துல திணறுவாராம்மா? மூச்சு விட்டுவிட்டு வருமா?"

ஒச்சாயி தரையைப் பார்த்தார். "அதெல்லாம் இல்லம்மா. நல்லாத் தூங்குவாரு. கொறட்டை மட்டுந்தேன். ஆபரேசன் முடிஞ்சு அந்தக் கொறட்டைச் சத்தம் கேட்ட பெறகுதேன் எங்களுக்கு உசுரே திரும்புச்சு."

அவர் சொன்னது பொய். ஏன் பொய் சொன்னார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, அவரே சொல்லித் தெரிந்தது. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு, நெஞ்செலும்பு கூடும் வரை மல்லாந்தே படுக்க வேண்டும், ஒருக்களிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சில வாரத்துக்குச் சொன்னது அது. எலும்பு கூடிய பிறகும் ஒச்சாயி விடவில்லை. இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்து அவரை மல்லாத்தியே படுக்க வைத்தார். மல்லாந்து படுத்தால் இந்த நோய் இன்னும் மோசமாகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? குறட்டை ஓங்கி வந்து சட்டென்று அறுந்துபோகும். நெஞ்சு மட்டும் மேலும் கீழும் இழுக்கும், காற்று போகாது. ஒச்சாயி கன்னத்தைத் தட்டி உலுக்கினால் ஒரு பெரிய திணறலோடு மூச்சு வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: அமுக்குவான். தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்குகிற பேய். ஒச்சாயி வேறென்ன நினைப்பார்? பாய்க்கு அடியில் அரிவாளை வைத்தார். அடங்கவில்லை. கோடாங்கியிடம் போனார். அவன் உடுக்கடித்து, நெஞ்சைப் பிளந்து தைத்த தையல் வழியாக அது இடம் பிடித்துவிட்டது, சிவராத்திரியை ஒட்டி வரும் மாசிப் பச்சைக்குக் குலசாமி கோயிலில் கெடா வெட்டினால்தான் இறங்கும் என்று குறி சொன்னான். அதோடு விட்டானா? அதுவரை இதை ஒருவர் காதிலும் போடக் கூடாது, புருஷன் காதில்கூடப் போடக் கூடாது, போட்டால் ஒரேயடியாக அமுக்கிவிடும் என்றான்.

எனக்குப் பேய், கோடாங்கி என்றாலே பற்றிக்கொண்டு வரும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று சொல்லிக் கொடுத்தவன். அந்தக் கோடாங்கி என் கையில் கிடைத்திருந்தால் உடுக்கையைப் பிடுங்கி உடைத்திருப்பேன். ஆனால் ஒச்சாயி மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது புருஷனின் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டார்.

தாமரைச்செல்வி லேசில் விடுகிறவர் இல்லை. கழுத்தையும் பெஞ்சுத் தூக்கத்தையும் பார்த்தவர் ஆயிற்றே. விரலில் மாட்டும் கிளிப்பும் மணிக்கட்டில் கட்டும் சின்னப் பெட்டியும் கொடுத்து, ஒரு ராத்திரி வீட்டில் மாட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார். ஆக்சிஜன் இறங்கினால் அந்தப் பெட்டி பதிந்துவைக்கும்.

ஒச்சாயிக்கு அந்தப் பெட்டியைப் பார்த்து பயம். ஆஸ்பத்திரி மிஷின் அமுக்குவானைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்லிவிட்டால் வாக்குத் தவறியது ஆகிவிடுமே. அன்று ராத்திரி பூராவும் பாய் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். மற்ற நாளில் மூச்சு நின்ற பிறகு தட்டுகிறவர், அன்று குறட்டை ஏறத் தொடங்கும்போதே தட்டினார். அந்த மனுஷனை முழுசாகத் தூங்கவே விடவில்லை.

பெட்டி சொன்னது: ஒரு குறையும் இல்லை.

தாமரைச்செல்வி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராத்திரி நீங்க அவரத் தட்டி எழுப்புனீங்களாம்மா?"

"இல்லம்மா, நான் அசந்து தூங்கிட்டேன்."

"எனக்கு மனசு ஒப்பலைங்க. ஒரு ராத்திரி இங்கேயே வந்து படுங்க. எங்க ஆளுங்க பக்கத்துல இருந்து பாப்பாங்க."

வெள்ளைத்துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாஸுனு மிசினே சொல்லிருச்சு, பெறகு எதுக்கும்மா? சரி, நீங்க சொல்றீங்க. மாசிப் பச்சைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்து படுக்கேன். வந்ததும் பஸ் ஓட்ட எனக்குச் சர்டிபிகேட் குடுத்துரணும்" என்றார். அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் திரும்ப அந்த ஸ்டீயரிங்தான். ஆபரேஷனுக்குப் பிறகு ஓனர் அவரை பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிவிட வைத்திருந்தார். வேறொருவன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போவதைத் தினம் பார்ப்பது அவருக்குப் பெரிய வேதனை.

போகும்போது என்னையும் அழைத்தார். "வாத்தியாரண்ணே, மதினியக் கூட்டிட்டு வாங்க. ஒங்களுக்குத் தனியா பருப்புச் சோறு, கறிப் பானைப் பக்கமே கரண்டி வராது." எனக்குப் போக ஆசைதான். கோயில் காட்டுக்குள் இருக்கிறது, கரண்ட் கிடையாது, மெஷின் இல்லாமல் எங்கே தூங்குவீர்கள் என்று சுந்தரவல்லி மறுத்துவிட்டாள். அன்று அவளோடு சண்டை போட்டேன்.

அவர்கள் வழக்கப்படி சிவராத்திரி அன்று பங்காளிகள் எல்லோரும் சாமி சாமான் வைத்த குலசாமிப் பெட்டியைச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போனார்கள். ராத்திரி யாரும் கண் மூடவில்லை. மறுநாள் கெடா வெட்டு. ஒச்சாயி தன் கையால் மாலை போட்டு ஆட்டைக் கொண்டுபோய் விட்டார். அது தலையைச் சிலுப்பியதும், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அவர் அழுத அழுகையைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் திகைத்துப்போனார்களாம். மெஷினும் குறை இல்லை என்றுவிட்டது, சாமியும் ஏற்றுக்கொண்டது. வேறென்ன வேண்டும்?

மத்தியானம் கறிச் சோறு. சாப்பிட்டுவிட்டு ஆலமர நிழலில் ஆளாளுக்குத் துண்டை விரித்துப் படுத்தார்கள். வெள்ளைத்துரை மல்லாந்து படுத்தார். ஒச்சாயி பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார்.

மிச்சத்தை வெள்ளைத்துரையின் தம்பி காசிமாயன் எனக்குச் சொன்னார். "கொறட்டைன்னா அம்புட்டுக் கொறட்டைண்ணே. சுத்திப் படுத்திருந்த ஒருத்தரும் தூங்க முடியல. எளவட்டப் பயலுக எல்லாம் ஒரே கேலி. மதினியை எழுப்பி அண்ணனத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லுவமான்னு பாத்தேன். அது அசந்து கெடந்துச்சு, எழுப்ப மனசு வரல. கொஞ்ச நேரத்துல சத்தம் பொசுக்குன்னு நின்னுருச்சு. அப்பாடா, அண்ணன் இப்பத்தேன் நிம்மதியாத் தூங்குறாருன்னு நாங்களும் படுத்துட்டோம்."

வெயில் இறங்கி, வண்டியில் சாமான் ஏற்றும்போதுதான் எழுப்பப் போயிருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் சுந்தரவல்லியும் சமயநல்லூர் போனோம். ஒச்சாயி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அழுகை தீர்ந்துபோன முகம். எங்களைப் பார்த்ததும் பக்கத்தில் வரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னார்: அமுக்குவான், அரிவாள், கோடாங்கி, பெட்டியைக் கட்டிய ராத்திரி. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. சொல்லி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"அந்த டாக்டரம்மா போன் பண்ணுச்சுண்ணே, படுக்க எப்ப வாரீகன்னு கேட்டு. சங்கதியச் சொன்னேன். தூக்கத்துல மூச்சு நிக்கிற நோவு அது, ஒருவேளை அவருக்கும் இருந்திருக்கும்னு சொல்லுச்சு. ஒங்களுக்கும் அதானாம். மிசினு மாட்டுனாச் சரியாயிருமாம். மெய்யாண்ணே? அது பேயி இல்லையா?"

பேய் இல்லை என்றால், பெட்டி கட்டிய ராத்திரி அவர் தட்டிய ஒவ்வொரு தட்டும் எதற்கு ஆயிற்று என்று அடுத்து யோசிப்பார். யோசிக்க ஆரம்பித்தால் சாகிறவரை விடாது. 

"எனக்கு இருக்கறது வேற தங்கச்சி," என்றேன். "அவருக்கு வந்தது பேய்தான். நீ இருந்ததாலதான் இம்புட்டு நாள் அது அண்டல."

என் குறட்டையை ஊர் அறியச் சொன்ன சுந்தரவல்லி பக்கத்திலேயே இருந்தாள். வாத்தியார் பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஒச்சாயியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.