குதித்தாலும் கேட்காத தரை

போன கிழமை ஒரு மத்தியானம், என் வீட்டு மேல்மாடித் தரையை அலவாங்கால் கிளப்பினேன்.

தேங்காய் உரிக்கிற அதே கூர் இரும்பு அலவாங்குதான். தரையோ, கொழும்பிலிருந்து லொறியில் வந்திறங்கிய பளபளப்பான புதுத் தரை. அந்த நேரம் யாராவது பார்த்திருந்தால் எனக்கு விசர் என்று முடிவு கட்டியிருப்பார்கள்...

ஏன் கிளப்பினேன்? அதற்கு முதலில் என் வீட்டுக் கீழ்த்தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது திருகோணமலை உள்துறைமுகத்துக்கு எதிரே ஒரு பழைய மாடிவீட்டில். கீழே தடித்த கல்லுச் சுவர். அதற்குள் சலீம் நானாவின் மணிக்கூடு திருத்தும் கடை. நானா கிண்ணியாக்காரர்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். மேலே மரத் தரை; அதன் மேல் நான், என் கணவர், நாலு வயது மகள். கணவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார் என்பதால் ஊருக்கெல்லாம் மாஸ்டர், எனக்கும் மாஸ்டர்தான்.

மரத் தரை என்றால் தெரியும்தானே? மேலே கரண்டி விழுந்தால் கீழே கூரை விழுந்த மாதிரி இருக்கும். என் மகளுக்கோ நடக்கத் தெரியாது, குதிக்கத்தான் தெரியும். அவள் குதிக்கிற ஒவ்வொரு முறையும் பலகை இடுக்கால் தூசி கொட்டும், நானா கழற்றி வைத்திருக்கிற குட்டி ஸ்குரூக்கள் மேசையில் துள்ளும். உடனே படியடியில் குரல் கேட்கும்.

"தங்கச்சி, புள்ளயக் கொஞ்சம் கதிரையில இருத்துங்க. ஸ்குரூ பறக்குது!"

சண்டைக் காலத்தில், யாரும் நீந்தி வந்துவிடக் கூடாதென்று நேவிக்காரர் துறைமுகத் தண்ணீருக்குள் வெடி போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நானாவின் கடை மணிக்கூடுகள் எல்லாம் சேர்ந்து அதிரும். நானா நேவியிடம் போய், "ஸ்குரூ பறக்குது" என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. சொல்லக்கூடிய இடத்தில்தானே எதையும் சொல்லலாம்?

பிறகு சமாதானம் வந்தது. வெடி நின்றது. எல்லோருக்கும் காது கூர்மையாகிவிட்டது! செருப்புச் சத்தம் கேட்டது. கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது. சமாதானம் வந்ததும் மனிதர் முதலில் செய்வது என்ன? அயல் வீட்டோடு சண்டை பிடிப்பது. நானாவும் மாஸ்டரும் முகம் பார்த்துக் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் கொழும்புக்குப் போன மாஸ்டர் ஒரு புதுமையைக் கண்டுவந்தார் — சத்தம் தடுக்கும் தரைப்பலகை. அக்கூஸ்டிக் போர்டாம். மேலே வழுவழுப்பு, அடியில் கம்பளி மாதிரித் தடிப்பாக ஒன்று. பழைய தரைக்கு மேல், ஆணி அடிக்காமல், ஒன்றோடொன்று கொளுவி விரிக்க வேண்டியதுதான். "மேலே யானை நடந்தாலும் கீழே தெரியாது" என்று விற்பனைக்காரர் சொன்னாராம். யானை வளர்க்கிற எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. ஆனாலும் வாங்கினோம்.

வருகிற வழியில் லொறியை மறித்த ஆமிக்காரன் பலகையைத் தட்டிப் பார்த்து, இது எதற்கென்று கேட்டானாம். "சத்தம் கேட்காமல் இருக்க" என்று டிரைவர் சொல்ல, "திருகோணமலையிலா?" என்று விழுந்து விழுந்து சிரித்தானாம். நாங்களும் அதைக் கேட்டுச் சிரித்தோம்.

பலகை விரிக்க வந்த தச்சு பாஸ் ஒரு மூலைக்கு வந்ததும் தலையைச் சொறிந்தார். அங்கே பழைய தரையில் ஒரு சதுர மூடி. சண்டைக் காலத்தில் செல் குண்டு விழத் தொடங்கினால் அதைத் தூக்கி, ஏணியால் நானாவின் கல்லுச் சுவருக்குள் இறங்கிவிடுவோம். எங்கள் வெளிப்படி துறைமுகத்தைப் பார்த்தபடி திறந்து கிடக்கிறது. அதால் இறங்குவது, வருகிற செல்லைப் படிக்கட்டில் நின்று வரவேற்கிற வேலை.

"இந்த இடத்தை வெட்டி விடட்டோ, அம்மா?" என்று பாஸ் கேட்டார்.

பார்க்க வந்திருந்த நானா முந்திக்கொண்டார். "வெட்டி விட்டாச் சத்தமெல்லாம் அதுக்குள்ளாலதான் வரும். மூடுங்க!"

"ஓம், இனி அது என்னத்துக்கு? அதுதான் எல்லாம் முடிஞ்சுதே" என்றார் மாஸ்டர்.

நான்? தரை ஒரே சீராகக் கிடந்தால் வடிவாக இருக்குமே என்று நினைத்தேன். கையெழுத்து வைத்தவர்களே நம்பாத சமாதானத்தை நாங்கள் பலகை அடுக்கி நம்பினோம்!

பலகை நன்றாக வேலை செய்தது. மகள் குதித்தாள், நானா சிரித்தார். பெருநாளைக்கு மாஸ்டருக்கு வட்டிலப்பம் வந்தது. அதற்குப் பிறகு சண்டை திரும்பி வந்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போன கிழமை, மாஸ்டர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், முதல் செல் துறைமுகப் பக்கம் விழுந்தது. வீடு குலுங்கியது. மகள் ஜன்னலுக்கு ஓடினாள்.

"அம்மா, மழை வரப்போகுது!"

சமாதானத்தில் வளர்ந்த பிள்ளை. இடி மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது செல் கிட்ட விழுந்தது. வெளிப்படியின் தகரக் கூரையில் என்னவோ சடசடவென்று கொட்டியது. அதால் இனி இறங்க முடியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடினேன். மூடியைக் காணவில்லை. வழுவழுவென்று ஒரே தரை. பாஸ் நல்ல வேலைக்காரர் — எந்தப் பலகை எங்கே பொருந்துகிறதென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

நானாவுக்குப் போன் எடுத்திருக்கலாமே என்கிறீர்களா? அந்த நேரத்தில் லைன் கிடைக்கும் என்று நம்புகிறவர் என்றால், நீங்களும் இந்தப் பலகையை வாங்கக்கூடிய ஆள்தான்.

குதித்தேன். எங்களுக்கு இறங்க வழியில்லை என்பது கீழே கேட்கட்டும் என்று, என்னால் இயன்ற மட்டும் குதித்தேன்.

"நீயும் குதி" என்றேன் மகளிடம்.

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "நானா மாமா ஏசுவாரே அம்மா?"

"ஏசட்டும். குதி!"

அந்தக் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவளும் அழுதுகொண்டே குதித்தாள். கீழே ஓர் அசுமாத்தமும் இல்லை. விற்பனைக்காரர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அப்படி உண்மை பேசுகிற வியாபாரியை நான் கண்டதே கிடையாது. என் பிள்ளை இந்த வடிவான தரையின் மேலேயே செத்துப்போகப் போகிறாள் என்று நினைத்தேன். குசினிக்கு ஓடி அலவாங்கை எடுத்துவந்தேன்.

சுவரோரம் குத்தி நெம்பினேன். ஒரு பலகை கிளம்பியது. அடுத்ததும் கிளம்பியது. மூடியின் இரும்பு வளையம் தெரிந்தது. பிடித்து இழுத்தேன்.

கீழே, ஏணியின் உச்சியில், சலீம் நானா நின்றார். தட்டுவதற்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. தலையெல்லாம் தூசி, முகமெல்லாம் வேர்வை.

"எவ்வளவு நேரமாத் தட்டுறன் தங்கச்சி! முதுகால தள்ளியும் பாத்துட்டன். கேக்கல்லியா?"

"நாங்கள் குதிச்சது உங்களுக்குக் கேக்கேல்லையா நானா?"

"இல்லையே..."

மேலே கை நீட்டி மகளை வாங்கி, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு இறங்கினார். எல்லாம் அடங்கும்வரை கல்லுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தோம். மகள் அவர் காதுக்குள் கேட்டாள், "நாங்கள் கனக்கக் குதிச்சனாங்கள். ஏசமாட்டீங்களா?"

"இல்ல மகள்" என்றார்.

அடுத்த நாள் நானாவே வாள் கொண்டுவந்து அந்த மூலைப் பலகையை அளவாக வெட்டி எறிந்தார். மற்றப் பலகைகளை எப்படிப் பொருத்துவது என்று கேட்க, மாஸ்டர் கொழும்பு விற்பனைக்காரருக்குப் போன் எடுத்தார். அன்றைக்குப் பார்த்து லைன் கிடைத்துவிட்டது!

"அடடா, வெட்டினீங்களா? உத்தரவாதம் போயிடுமே சார்" என்றாராம் அவர்.

"என்ன உத்தரவாதம்?"

"கீழே சத்தம் கேட்காது என்கிற உத்தரவாதம்."

போகட்டும். கீழே கேட்கும் என்று உத்தரவாதம் தருகிற கம்பனி எதுவும் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள் — அதுவரை அலவாங்கு அந்த மூலையில்தான் சாத்தியிருக்கும்.