அந்தோணியின் பூட்டு

மறைமலைநகரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிகளே, மிஷினில் கை வைக்கும் முன் பூட்டுப் போடச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறீர்களே, இதைக் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் ஒரு கான்ட்ராக்டர் எங்களை மலைக்கு மேலே நீர்மின் நிலையத்துக்கு அழைத்துப் போனார். டர்பைனுக்குள் புகுந்து, தண்ணீர் அரித்த இறக்கைகளுக்கு வெல்டிங் அடிக்கும் வேலை. அந்த அணையைப் பார்த்ததும் எனக்கு வாயடைத்துவிட்டது. கடலைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் அத்தனை தண்ணீரை மனுஷன் நிறுத்தி வைத்து அங்கேதான் பார்த்தேன்.

உள்ளே போகிற ஒவ்வொருவரும், தண்ணீர் வரும் கேட்டைத் திறக்கும் சுவிட்சில் தன் பூட்டை மாட்ட வேண்டும். சாவி அவரவர் இடுப்பில். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் தண்ணீர் விட முடியும்.

கடைசி நாள் வேலை முடிந்து வெளியே வந்தோம். ஒரு பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கோவளத்து அந்தோணியுடையது.

நிலையத்து மேனேஜர் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். "அதோ, டீக்கடையில நிக்கிறான் பாரு! ஆளு வெளியதான இருக்கான்? பூட்டை வெட்டுய்யா!" என்று கட்டரை என் கையில் திணித்தார்.

நிலையத்தின் ஜூனியர் இன்ஜினியர் மல்லிகா மேடம், கல்பாக்கத்துப் பெண், குறுக்கே வந்து நின்றார். "வெட்டாதீங்கண்ணா. பூட்டினவர்தான் வந்து திறக்கணும்."

"ஏம்மா, ஊரே கரண்ட் இல்லாம கெடக்கு. லேட்டானா நீ பதில் சொல்வியா?"

"சொல்றேன் சார்."

குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் நகரவில்லை. இப்போது நினைத்தாலும் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கூப்பிட ஆள் போயிற்று. அந்தோணி ஒரு கையில் டீ பார்சலும் மறு கையில் வடைப் பொட்டலமுமாக ஓடி வந்தான். என் கையில் கட்டரைப் பார்த்ததும் அலறினான்.

"அண்ணாத்த, இன்னா பண்ற? உள்ள மாரி கீறான்!"

மாரி அவன் மச்சான். தன் பூட்டை ரூமிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். "என் பூட்டே போதும்டா, நான்தான் கூட கீறேனே" என்று அந்தோணி உள்ளே அழைத்துப் போயிருக்கிறான். பிறகு, மறுபக்கத்து இறக்கையில் கடைசி வெல்டிங் அடித்துக்கொண்டிருந்த மாரி பசிக்கிறது என்று சொல்லவும், இவன் மட்டும் டீ வாங்க வந்துவிட்டான்.

கட்டரைக் கீழே போட்டேன். மேனேஜர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாரி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தான். "இன்னா, அல்லாரும் இப்டி பாக்கறீங்க? வடை வந்துச்சா?"

அந்தோணி அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

எத்தனை அவசரமானாலும் ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு, தம்பிகளா. மாரியின் மகன் போன மாதம்தான் உங்கள் லைனில் சேர்ந்திருக்கிறான்.