பேர் சொல்லிப் படைப்பது

கோபன்ஹேகனில் என் மகள் போகும் மழலையர் பள்ளியிலிருந்து வாரம் ஒரு முறை படங்கள் அனுப்புவார்கள். மணலில் உருளும் பிள்ளைகள், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு புழு தேடும் பிள்ளைகள், வட்டமாக உட்கார்ந்து ரொட்டி தின்னும் பிள்ளைகள். அந்த வட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும் முகம் இருக்காது. கழுத்துக்கு மேலே மஞ்சள் நிறச் சிரிப்புப் பொம்மை ஒன்றை ஒட்டியிருப்பார்கள். வந்த புதிதில் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். பெற்றோர் சம்மதிக்காத பிள்ளையின் முகத்தை இங்கே யாரும் யாருக்கும் காட்ட முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது அந்த மஞ்சள் முகக்காரி என் மகள்தான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். அருப்புக்கோட்டைப் பக்கம் பாளையம்பட்டியில் இருக்கும் என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, புள்ள மூஞ்சில எலுமிச்சம்பழத்த வச்சு எதுக்கு மறச்சிருக்காக?" என்று கேட்டாள். கண்ணு படாமல் இருக்க என்று சொல்லிவைத்தேன். அது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் என் வேலை. பல நாடுகளில் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எந்தப் பிள்ளையின் படம் முகப்பில் வர வேண்டும், அதன் கீழே எத்தனை வரி எழுத வேண்டும், 'கொடுங்கள்' என்ற சிவப்புப் பொத்தானைப் படத்தின் எந்தப் பக்கம் வைத்தால் அதிகம் பேர் அழுத்துகிறார்கள் என்பதெல்லாம் என் பாடு. ஊரில் இதைச் சொன்னால் "கம்ப்யூட்டர் வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். என் கணவர் கொஞ்சம் கூடுதலாகக் கேலி செய்வார். ஊரான் பிள்ளை முகத்தை உலகத்துக்கே காட்டுகிறவள் தன் பிள்ளை முகத்தைப் பொத்தி வைத்திருக்கிறாள் என்பார். எனக்குக் கோபம் வரும்.

போன ஆடி மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, அங்கேதானே இருக்கிறாய் என்று அலுவலகம் ஒரு டேனிஷ் புகைப்படக்காரரை என்னோடு சேர்த்துவிட்டது. பரளச்சி தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனோம். மழையை நம்பி உளுந்தும் கொத்தமல்லியும் போடும் கரிசல் காடு. அந்த வருடம் விதைப்பதா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போன வீட்டு அம்மாளின் பேர் பஞ்சவர்ணம். கொஞ்சம் நிலம் உண்டு. அது சோறு போடாத மாதங்களில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்குப் போவார். அவர் மகளை எங்கள் நிறுவனம் படிக்கவைத்துக்கொண்டிருந்தது. வயது பதினொன்று, பேர் துணைமாலை. திருச்சுழிக் கோயில் அம்மன் பேர் அது. எங்கள் பக்கத்தைத் தாண்டினால் அந்தப் பேரை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

படம் எடுக்க வருகிறார்கள் என்றதும் பஞ்சவர்ணம் அக்கா மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, முகம் வெளுக்கப் பவுடர் பூசி நிறுத்தியிருந்தார். புகைப்படக்காரருக்கு அது பிடிக்கவில்லை. சாதாரணமாக இருப்பதுபோல் வேண்டும், பள்ளிச் சீருடை போதும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

"நாலு பேரு பாக்குற படத்துக்கு அழுக்குத் துணியோடயா தாயி நிக்கச் சொல்றாரு? ஒங்க ஊர்ல ஆரும் நல்ல துணி உடுத்தி நிக்க மாட்டாகளா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளைக்காரர் ரசனையின் மேல் பழியைப் போட்டுச் சமாளித்தேன். துணைமாலை சீருடைக்கு மாறி, புறங்கையால் பவுடரைத் துடைத்தபடி வெளியே வந்தாள். அம்மாவின் கோபத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் அவர் எடுத்தார். பிறகு சம்மதம் வாங்கும்போது, உங்கள் மகளின் சொந்தப் பேரைப் போட மாட்டோம், பாதுகாப்புக்காக 'பிரியா' என்று போடுவோம் என்று விளக்கினேன். அக்கா இப்போது சமாதானமாகிச் சிரித்தார். "எந்தப் பேரப் போட்டா என்ன, அவுக வாயில துணைமாலைன்னு நொழையவா போகுது?" என்றார்.

அந்தப் படம் எங்கள் தளத்தின் முகப்புக்கு வந்தது. இங்கே டிசம்பர் என்பது கொடை கொடுக்கிற மாதம். ஊரில் மார்கழிக்குக் கோயில் கோயிலாகப் போவதுபோல, இவர்கள் தொண்டு நிறுவனங்களின் பக்கம் பக்கமாகப் போவார்கள். வேறெந்தப் படத்தையும்விடப் பிரியாவின் சிரிப்புக்குத்தான் அதிகம் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளை என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

டிசம்பர் நடுவில் ஒரு மத்தியானம் பால்பாண்டி கூப்பிட்டார். பரளச்சி, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் பைக்கில் அலைந்து எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற களப்பணியாளர் அவர்.

"மேடம், நம்ம துணைமாலைப் புள்ள தவறிருச்சு. காய்ச்சலு. அருப்புக்கோட்டையில பாத்துட்டு மதுரைக்குக் கொண்டு போங்கன்னுட்டாக. வழியில காரியாபட்டி தாண்டல. கருமாதியும் முடிஞ்சிருச்சு. ஒங்ககிட்டச் சொல்ல எனக்கு மனசு வரல."

என் எதிரே திரையில் அவள் புறங்கையைக் கன்னத்தில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான். பால்பாண்டிக்கும் எனக்கும் அடுத்து என்ன என்று தெரியும். இறந்த பிள்ளையின் படத்தைச் செய்தி வந்ததற்கு மறுநாள் வேலை முடிவதற்குள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீக்கிவிட வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. அதை அவர் அந்த வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அங்கேதான் சிக்கல். "அந்த அம்மா ஒங்ககிட்டப் பேசணுங்குறாக" என்று போனைக் கொடுத்தார்.

"என்ன தாயி, படத்த எடுத்துருவீகளாம்ல?"

"ஆமாக்கா. இல்லாமப் போன பிள்ளையக் காட்டிக் காசு கேக்கக் கூடாதுன்னு எங்க ஆபீசுல ஒரு சட்டம்."

"அவளா கேட்டா? சனங்க தானா வந்து அவ முன்னால போடுறாக. உண்டியல்ல போடுறவுககிட்டச் சாமி கேட்டா வாங்குது? அவ இப்ப எங்க வீட்டுக் கன்னி தாயி. தை பொறந்தா பாவாட எடுத்து வைக்கணும்."

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணமாகாமல் சாகிற பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போவதில்லை. கன்னியாகி, ஓலைப்பெட்டிக்குள் மடித்துவைத்த பாவாடை சட்டையில் குடியிருப்பாள். வருடம் ஒரு முறை புதுத்துணி, வளையல், ரிப்பன், சீப்பு எல்லாம் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சர்க்கரைப் பொங்கல் படைப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒருத்தி உண்டு. அப்பாவின் தங்கை, பாம்பு கடித்துப் போனவள். வருடம் முழுக்கப் பெட்டியில் இருந்த அவள் பாவாடையை, புதுசு வைக்கும்போது எடுத்து எனக்குத் தருவார்கள். செத்துப்போன அத்தையின் பாவாடையோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். கூடப் படித்தவர்கள் தொடப் பயப்படுவார்கள். எனக்கும் பயம்தான். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்பாவின் கடையில் வியாபாரம் படுத்தாலும், வீட்டில் முதலில் கேட்கிற கேள்வி, கன்னிக்கு என்ன குறை வைத்தோம் என்பதுதான்.

ஆகவே அக்கா சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. ஆனாலும் படத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பிறகு அக்கா நிதானமாகக் கேட்டார்.

"சரி, எடுங்க. எடுக்கிறதுக்கு முந்தி அவ பேரப் போட்டு எடுங்க. பிரியாங்குற பேருக்குத்தான் இத்தன நாளும் எல்லாரும் போட்டிருக்காக. உசுரோட இருக்கையில எவுக எந்தப் பேரச் சொன்னா என்ன, நான் கூப்புட்டா அவ பேருக்குத் திரும்பிப் பாப்பா. இப்ப நாங்க பேரச் சொல்லிப் படைச்சாத்தான் அவளுக்குச் சேரும். வேற பேரச் சொன்னா வேற ஆருக்கோ போயிரும் தாயி. ஒரு நாளு போடுங்க. ஒரு நாழியாச்சும் போடுங்க."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை என் மேலாளர் கிர்ஸ்டனின் அறையில் உட்கார்ந்தோம். நன்கொடைப் பிரிவுக்காரர் ஒருவரும் வந்திருந்தார். நான் பேசுவதற்கு முன்பே அவர், இந்தப் பக்கத்துக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது, கிறிஸ்துமஸ் முடியும் வரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டார். எனக்கு அவர் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அடுத்த நொடி உறைத்தது, பஞ்சவர்ணம் அக்கா முதலில் சொன்னதும் இதுதான், படம் இருக்கட்டும் என்று. அக்காவுக்காகப் பேச வந்த நானும் அவரும் ஒரே கட்சியில் நின்றுகொண்டிருந்தோம். கிர்ஸ்டன் அவரை ஒரே வார்த்தையில் மறுத்து அனுப்பினார். அந்தம்மாளின் நேர்மையில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

பிறகு நான் கன்னியைப் பற்றிச் சொன்னேன். கிர்ஸ்டனின் கண்கள் கலங்கின. "எவ்வளவு அழகான நம்பிக்கை. அந்தத் தாய்க்கு அது எவ்வளவு ஆறுதலாக இருக்கும்" என்றார். அழகும் இல்லை, ஆறுதலும் இல்லை என்றேன். முறையாகச் செய்யாவிட்டால் அந்தப் பிள்ளை பசியோடு வீட்டைச் சுற்றும், அம்மாவுக்கு அதுதான் பயம் என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, நிறுவனத்தில் மனநல ஆலோசகர் இருக்கிறார், வேண்டுமானால் நீ பேசலாம் என்றார். துக்கம் எனக்கு என்று நினைத்துக்கொண்டார். அது முழுக்கத் தப்பும் இல்லை.

பேர் விஷயத்துக்கு வந்தோம். "அது அங்கே நிறையப் பேர் வைத்துக்கொள்ளும் பேரா?" என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். திருச்சுழியைச் சுற்றி மட்டும்தான் என்று உண்மையைச் சொன்னேன். "அப்படியானால் அந்தப் பேரை வைத்து ஊரையும் வீட்டையும் கண்டுபிடித்துவிடலாம். வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா?" உண்டு, ஒரு தங்கை என்றேன். "பிறகு எப்படி?" என்றார். படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு அனுப்பலாம் என்றார். அந்த வீட்டில் சட்டம் போட்ட படம் இந்நேரம் மாலையோடு தொங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. இங்கே குளிர்காலத்தில் அப்படித்தான். பிரியாவின் பக்கத்தைத் திறந்தேன். பேர் எழுதும் கட்டத்தில் பிரியாவை அழித்துவிட்டுத் துணைமாலை என்று தமிழில் அடித்தேன். சிரிக்கும் முகத்தின் கீழே அந்தப் பேர் வந்து உட்கார்ந்தது. வெளியிடு என்ற பொத்தானை அழுத்தும் வரை அது என் திரையில் மட்டும்தான் இருக்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு எடுத்தால் யாருக்கும் தெரியாது. அழுத்தவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிடக் கேவலம், சொந்தப் பேரைக் காட்டக் கூடாது என்ற விதி சரி என்று நான் நம்புகிறேன். என் மகளுக்கு வேண்டும் என்று கேட்ட பாதுகாப்பைத் துணைமாலையின் தங்கைக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அப்படி நின்றுகொண்டு என்னையே திட்டினேன். அடித்த பேரை அழித்தேன்.

பிறகு என் கைபேசியில் அதே பக்கத்தை, யாரோ ஒரு வழிப்போக்கரைப்போலத் திறந்தேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இத்தனை வருடத்தில் நான் அதை வேலைக்காகத்தான் தொட்டிருக்கிறேன். நூறு, இருநூறு, ஐந்நூறு குரோனர் என்று வரிசையாக இருந்ததை விட்டுவிட்டு, நூற்றியொன்று என்று எழுதினேன். காணிக்கையைச் சைபரில் முடிகிற தொகையாக வைக்க எனக்குக் கை வராது. ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்ட இடத்தில் 'துணைமாலைக்கு' என்று தமிழில் எழுதினேன். நாளைக்குக் கணக்குப் பிரிவில் யாராவது பார்த்தால் எழுத்து உடைந்துவிட்டது என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். பணம் போனது. உடனே கணினிக்குத் திரும்பி அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

ஊரில் இரவு எட்டு மணி இருக்கும். அக்காவைக் கூப்பிட்டேன். படத்தை எடுத்தாச்சுக்கா என்றேன்.

"பேரப் போட்டீகளா தாயி?"

"போட்டேன்க்கா."

"எல்லாருமா பாத்தாக?"

"காசு போட்ட எடத்துல எழுதியிருக்குக்கா."

அக்கா பெருமூச்சு விட்டார். "அப்பச் சரி. இனி அவளுக்குச் சேந்துரும். நீங்க நல்லா இருக்கணும் தாயி. ஒங்க புள்ளைக்கு ஒண்ணும் வராது" என்றார். அக்காவே போனை வைத்தார்.

கைபேசியில் ஒரு மின்னஞ்சல் வந்து கிடந்தது. கொடை கொடுத்தவர்களுக்குத் தானாகப் போகிற நன்றி மடல். ஒவ்வொரு வரியையும் யோசித்து யோசித்து நான் எழுதியது. மேலே என் பேரைச் சொல்லி 'அன்பு நண்பரே' என்று இருந்தது. கீழே, நிறுவனத்தின் சார்பாக, கையெழுத்தாக, அதே என் பேர் இருந்தது. நடுவில் இரண்டே வரி. 'உங்கள் கொடை வந்து சேர்ந்தது. நாளைக் காலை பிரியா பள்ளிக்குப் போவாள்.'