மழையிலும் ஓடட்டும் என்றவர்

லலிதாவின் தொலைபேசி வந்தபோது நான் வெங்கட்ராமனைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனதுக்குள்தான். தொழிற்சாலைக்குப் போக வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன், ஆளைக் காணோம். கரமனை வீட்டிலிருந்து அவர் மனைவி லலிதாதான் பேசினார். "செல்வி, அவர் போயிட்டார். கார்த்தால காப்பி குடிச்சுண்டே இருந்தார், அப்படியே சாஞ்சுட்டார்." வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வர நேரமாயிற்று. முதலில் வந்தது கோபம். பாதி வேலையில் இப்படியா ஒரு மனுஷன் விட்டுவிட்டுப் போவார்?

வெங்கட்ராமனோடு பழகியவர்கள் இதைப் படித்து வருத்தப்பட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவர்மேல் கோபப்படாதவர் நம்மில் யார்? நான் மரபணுவைத் தேடுகிறவள். அவர் தொட்டிக்காரர், குடுவையில் நடக்கிற காரியத்தைப் பெரிய தொட்டியில் நடத்திக் காட்ட வேண்டிய உயிர்வேதிப் பொறியாளர். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருவரையும் ஒரே வேலையில் கட்டிப்போட்டார்கள். திருவனந்தபுரத்துக்கு வெளியே, கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் ஒரு தொழிற்சாலை. அதன் கழிவுநீரில் சயனைடு. சுற்றியிருந்த வீடுகளின் கிணறுகள் கெட்டுக்கொண்டிருந்தன. கழிவு ஓடையின் சேற்றில், சயனைடைத் தின்றே உயிர்வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தோம். அதைத் தொட்டியில் வளர்த்து நீரைச் சுத்தமாக்கினால் வேலை முடிந்தது. அப்படித்தான் நினைத்தோம்.

குடுவையில் முதன்முதலாகச் சயனைடு காணாமல் போன அன்று சாலைக் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் லட்டு வாங்கி வந்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார். "நன்னா சத்தும் சீனியும் போட்டு வளர்த்தா யார்தான் வேலை செய்யமாட்டா? சாக்கடையில விட்டுப் பாருங்கோ, அப்பறம் கொண்டாடலாம்." சொல்லிவிட்டு லட்டை மட்டும் விடாமல் தின்றார்.

தொழிற்சாலைத் தொட்டியில் விட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. பாக்டீரியா உயிரோடு இருந்தது, சயனைடும் இருந்தது; இரண்டும் ஒன்றையொன்று சட்டை செய்யவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் மின்வெட்டு. உறைபெட்டியை நம்பி எதையும் வைக்க முடியாது. அதனால் பாக்டீரியா செத்துவிடக் கூடாதே என்று வாரந்தோறும் அதைப் புதிய தட்டுக்கு மாற்றி, நல்ல சாப்பாடு போட்டு வளர்த்தோம். சயனைடைத் தின்னும் மரபணு அதன் உடம்பில் தனியாக ஒரு சின்ன வளையத்தில் இருந்தது. உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைக்கும்போது அந்தச் சுமை எதற்கு? வளையத்தையே கழற்றி எறிந்துவிட்டது. நான் சொல்லி முடித்ததும் வெங்கட்ராமன் சிரித்தார். "வீட்டோட மாப்பிள்ளையா வளர்த்துட்டோம், கேட்டேளா. இனிமே அது எங்கே வேலைக்குப் போகும்?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷக்கணக்கான உழைப்பு மண்ணாகிப் போயிருந்தது.

மறுபடி அதே ஓடைச் சேற்றிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை கழிவுநீரைத் தவிர வேறு எதையும் அதன் கண்ணில் காட்டவில்லை. நடுவில் ஒரு நாள் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றைப் பிரித்தால், நம் மரபணுவின் அச்சு அசலான உறவுக்கார மரபணு அதில் உட்கார்ந்திருக்கிறது. யாரோ முந்திக்கொண்டார்கள். இதழை அவர் மேஜையில் போட்டேன். "அப்பவே எழுதி அனுப்பலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே சார், கேட்டீங்களா?" நிதானமாகப் படித்தார். "நல்லதாப் போச்சு. மரபணு இருக்குன்னு அவா சொல்லிட்டா. அது வேலை செய்யறதான்னு நாம பார்ப்போம்." அந்த வாரம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

பிறகு ஒரு கோடையில் தொட்டி வேலை செய்தது. நடுவில் மழைக்காலத்தில் தொட்டியை நிறுத்தி வைத்தோம்; அடுத்த கோடையிலும் செய்தது. ஓடைக்குப் போன நீரில் சயனைடு இல்லை. நான் கட்டுரையை எழுதி முடித்து அவர் கையெழுத்துக்கு நீட்டினேன். வாங்கவில்லை. "வெயில் காலத்துல எல்லாரும் நல்லவாதான். இடவப்பாதி வரட்டும், மழையிலயும் ஓடட்டும், அப்பறம் போடறேன்." இடவப்பாதி என்றால் இந்த ஊரில் தென்மேற்குப் பருவமழை. பேருந்து நிறுத்தத்தில், நாலு பேர் பார்க்க, கத்திவிட்டேன். "எனக்கும் வயசாகுது சார். உங்க சந்தேகம் தீர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்." அவர் குடையை விரித்து என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்; மறுநாள் காலையில்தான் லலிதா கூப்பிட்டார்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் இயக்குநர் கூப்பிட்டார். "கட்டுரையை அனுப்பிடுங்க. அவருக்கே சமர்ப்பணம்னு போட்டுடலாம்." எல்லாருக்கும் சம்மதம். தடுக்க ஆளில்லை. எத்தனையோ வருஷமாக நான் கேட்டது அதுதான். ஆனால் அனுப்பக் கை வரவில்லை. எரிச்சலோடு வண்டியை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் தொழிற்சாலைக்குப் போய் நானே தொட்டியை இயக்கிப் பார்த்தேன்.

ஓடவில்லை. மழைநீர் கலந்து ஓட்டம் கூடியதும், பாக்டீரியா பெருகுவதற்குள் அடித்துக்கொண்டு போய்விட்டது. வெளியே விழுந்த நீரில் சயனைடு அப்படியே இருந்தது. கோடையை நம்பி நான் எழுதியதை யாராவது நம்பியிருந்தால், மழைக்காலம் முழுக்க அந்தக் கிணற்று நீரைக் குடித்திருப்பார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய சந்தேகம். நான் கேட்டு வாங்கியதில்லை. எனக்குப் பிடித்ததும் இல்லை. கட்டுரையை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். மழையில் அந்தத் தொட்டிக்குள் பாக்டீரியாவை எப்படி நிறுத்திப் பிடிப்பது என்று வெங்கட்ராமனுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.