லயத்துக் குப்பையும் நீலப் போத்தல்களும்

எங்கள் தேயிலைத் தோட்டம் லிந்துலை டவுனிலிருந்து மேலே ஏறினால் நாலு வளைவு தாண்டி வரும். ஐந்து வளைவு என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பாலத்துத் திருப்பத்தையும் ஒரு வளைவாக எண்ணுகிறவர்கள். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது நாய்களைப் பற்றியும் குப்பையைப் பற்றியும்.

எங்கள் லயத்தில், அந்த நீண்ட வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா, ஒன்றுக்கு ஒரு குடும்பம். பன்னிரண்டுக்கும் சேர்த்து ஏழு நாய். எந்த நாயும் யாருடையதும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் வெளியாள் ஒருவன் கல்லெடுத்தால், “எங்க நாய அடிக்க நீ யாரு?” என்று பன்னிரண்டு வாசலிலும் ஆள் நிற்கும். என் காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் படுக்கிற செவலைப் பொட்டையும் அப்படித்தான் என்னுடையது. மேல்மலை மடுவத்தில், பெண்கள் கொழுந்து நிறுக்கிற இடத்தில், குட்டி போட்டது. குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஒருநாள் என் பின்னாலேயே இறங்கி வந்தது. நான் அதற்குத் தின்ன எதுவும் கொடுக்கவில்லை. பேச்சு மட்டும்தான் கொடுத்தேன்.

பேச்சு என்றால், நான் பழைய கதை ஆரம்பித்தால் வீட்டில் மகனுக்கு உடனே போன் வரும். மருமகளுக்கு அடுப்பில் ஏதோ ஞாபகம் வரும். என் மனைவி, “இத நூறு தடவ கேட்டாச்சு” என்று கதவைச் சாத்துவாள். இந்த நாய் மட்டும் ஒரு காதைத் தூக்கி வைத்துக்கொண்டு கதை முடியும்வரை உட்கார்ந்திருக்கும். அதற்குப் புரிகிறதா என்று எனக்குத் தெரியாது. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியும் எனக்கு அது தெரியாது.

நான் வாலிபனாக இருந்த காலத்தில் லயத்தில் குப்பை என்று ஒன்றும் கிடையாது. மீன் டின் காலியானால் விளக்கு. உரப்பை கிழிந்தால் மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணி, அதுவும் கிழிந்தால் கால்மிதி. எலும்பை நாங்களே கடித்து முடித்துவிடுவோம், நாய்க்கு வாசம் மட்டும்தான். இப்போது அப்படியில்லை. பிஸ்கட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டை. தலைக்குப் போடுகிற ஷாம்பு விரலகலப் பாக்கெட்டில் வருகிறது. கைக்குழந்தை பேண்டால் அதையும் அழகாக மடித்து ஒட்டி வைக்கிற பெம்பர்ஸ். கடையிலிருந்து வீட்டுக்குள் வருவதில் பாதி அன்றைக்கே வெளியே போகிறது. அந்த அளவுக்கு முன்னேறிவிட்டோம். ஒவ்வொரு காம்பராவும் இஸ்தோப்பின் ஓரத்தில் ஒரு உரப்பையில் குப்பையைச் சேர்த்து வைக்கும். சனிக்கிழமை கீழ் ரோட்டுக்கு டிராக்டர் வந்து எடுத்துப்போகும். வந்தால்.

டிராக்டர் வராத சனிக்கிழமைகளில் நாய்கள் வரும். பையைக் கிழித்து, வேண்டியதைத் தின்று, வேண்டாததைப் பன்னிரண்டு வாசலுக்கும் சமமாகப் பிரித்துப் போடும். நிவாரணச் சாமான்கூட எங்கள் தோட்டத்தில் அவ்வளவு நியாயமாகப் பங்கிடப்பட்டதில்லை.

இப்படியே போயிருக்கும். தலைவர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்ததில்தான் வினை வந்தது.

தலைவர் என்றால் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். மூன்றாவது காம்பரா. அவருடைய மகளைப் பார்க்கக் கந்தப்பளையிலிருந்து வேன் போட்டுக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா படியேறும்போது வெள்ளையாக, மெத்தென்று ஒன்றை மிதித்தார். எட்டாவது காம்பராக் குழந்தையின் பெம்பர்ஸ். செவலை அதை வாயில் கவ்விக்கொண்டு போனதைப் பார்த்த சாட்சிகள் நிறையப் பேர். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“வீட்டுல கைப்புள்ள இருக்கா?”

சம்பந்தம் எப்படியோ தப்பித்துக்கொண்டது. நாய்கள் தப்பவில்லை. அடுத்த நாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரத்திலேயே தலைவர் எல்லோரையும் கோயில் முன்னால் கூப்பிட்டுவிட்டார்.

“இன்னிக்கு நாய் வரும். நாளைக்கு நாயப் புடிக்கப் புலி வரும். நம்ம பொம்பளைங்க கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேணாமா? ஏழையும் சாக்குல கட்டி மரக்கறி லொறியில ஏத்தி, கினிகத்தேனைக்கு அந்தப் பக்கம் எறக்கி விட்டுரணும்” என்றார்.

கினிகத்தேனையில் இருக்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் எழுந்தேன். நான் எழுந்ததுமே இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், பேச்சு நீளும் என்று.

“தலைவரே, நாய் மேல என்னா குத்தம்? வாசல்ல வெச்சிருக்கோம், அது திங்குது. குப்பையில வாய் வெக்காம நான் பாத்துக்கிறேன். தவணை குடுங்க.”

“நீங்க எப்புடி மாமா பாப்பீங்க? ஒக்காத்தி வெச்சுக் கதை சொல்லுவீங்களா?”

பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டதற்குக் கூட்டம் சிரித்தது. என் மனைவிதான் முதலில் சிரித்தாள்.

“சரி, பெரியவரு கேக்குறாரு” என்று தலைவர் இறங்கி வந்தார். “அடுத்த கெழமை அம்மனுக்குக் காப்புக் கட்டுறோம். பத்து நாள் திருவிழா. தேர் முடிஞ்சு வார ஞாயித்துக்கெழமை வரைக்கும் தவணை. அன்னிக்கு ஒரு பை கிழிஞ்சாலும் லொறிதான். செவலைதான் மொத சாக்கு.”

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். பையின் மேல் கல்லை வைத்தேன். செவலை பக்கவாட்டில் கிழித்தது. மிளகாய்த்தூள் தூவினேன். எங்கள் வீட்டுக் கறி மிச்சத்தைக் குப்பையில் தின்று பழகிய நாய் அது, நாக்கைச் சுழற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தேடியது. மண்ணெண்ணெய் தெளித்தேன். நாய் இரண்டு நாள் வரவில்லை, மருமகளும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பையைத் தூக்கிக் கூரை விட்டத்தில் கட்டினேன். நாய்க்கு எட்டவில்லை. குரங்குக்கு எட்டியது. நாய் தரையில்தான் சிந்தும், குரங்கு கூரைத் தகரத்திலேயே சிந்தியது. அதைக் கூட்ட நான் ஏணியில் ஏற, கணக்கப்பிள்ளை கீழே நின்று, “இந்த வயசுல என்னாத்துக்கு மாமா ஒங்களுக்கு இந்த வேலை?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஏணியைப் பிடிக்கவில்லை.

காப்புக் கட்டுக்கு முதல் நாள் பூசைச் சாமான் வாங்க டவுனுக்குப் போனேன். கடைக்கார நானா சாம்பிராணி கட்டிக்கொண்டே என் கதையை முழுக்கக் கேட்டார். கடையில் வேறு ஆள் இல்லை, பாவம்.

“பெரியவரே, போத்தல்ல தண்ணி ஊத்தி, உடுப்புக்குப் போடுற நீலத்தக் கரச்சு வாசல்ல வெச்சுப் பாருங்க. எங்கட ஊட்டு முன்னுக்கு ஒரு நாயும் வாரல்ல.”

ஆறு காலிப் போத்தலையும் அவரே கொடுத்தார். மிச்சத்துக்கு லயத்தில் எப்போதும் காலிப் போத்தலுக்குக் குறைவில்லை. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு வாசலிலும் நீலம் நின்றது.

முதல் இரண்டு நாளும் பைகள் கிழிந்துதான் கிடந்தன. மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஒரு பைகூடக் கிழியவில்லை. நாலாம் நாளும் அப்படியே. நாய்கள் பைப்பக்கம் போய், மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. செவலைகூட. நான் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் நின்று, குளிக்க வந்தவர்களுக்கெல்லாம் நீலத்தின் மகிமையைச் சொன்னேன். அந்த இரண்டு நாள்தான் என் பேச்சை ஊர் நின்று கேட்டது.

ஐந்தாம் நாள் அந்த மகிமை தலைவருடையதாகிவிட்டது. போத்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போனில் அனுப்பினார். ‘நமது தோட்டத்தின் நாய்த் தடுப்புத் திட்டம்’ என்று அதில் எழுதியிருந்ததாக மகன் வாசித்துக் காட்டினான். திட்டம் பரவியது. ஒருவர் பன்றிக்காக முட்டைக்கோசுத் தோட்டத்தில் நாலு மூலைக்கும் போத்தல் நட்டார். பத்தாவது காம்பராக்காரன் மாமியார் வருகிற வழியில் ஒன்று வைத்தான். அது வேலை செய்யவில்லை என்று அவனே சொன்னான், அளவு போதாதாம்.

ஆறாம் நாள் மத்தியானம். என் மனைவி உருளைக்கிழங்குத் தோலைப் பையில் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, பையில என்னா இருக்குன்னு எட்டிப் பாத்தீங்களா?”

“குப்பை.”

“என்னா குப்பை? பருப்புத் தண்ணி. கத்திரிக்காக் காம்பு. அப்பளம். காப்புக் கட்டுன நாள்லருந்து தோட்டத்துல எந்த வீட்டுலயாச்சும் கோழி கொதிச்சுதா? கருவாடு இருந்த டின்னக்கூடக் கழுவிக் கவுத்து வெச்சிருக்காளுங்க. இதுல நாயி எதத் திங்கும்? அதுவும் ஒங்க நீலத்துக்குப் பயந்துதான் போச்சாம்! எல்லாம் டவுன் எறைச்சிக் கடை வாசல்ல கெடக்குதுங்க.”

பன்னிரண்டு பையையும் திறந்து பார்த்தேன். ஒரு முள் கிடையாது, ஒரு எலும்பு கிடையாது. முதல் இரண்டு நாளும் நாய்கள் வந்தது பழைய எலும்புக்குத்தான். என் தலைக்குள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தது. தேர் முடிந்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடி, மறுநாள் ஞாயிறு. பத்து நாள் வாயைக் கட்டிய தோட்டம் அன்றைக்குத்தான் வாயைத் திறக்கும். வீட்டுக்கு ஒரு கோழி. சில வீட்டில் ஆட்டுக்கறி. செவலையைச் சாக்கில் கட்டுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

தேரன்றைக்கு எல்லோரும் வடம் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். அம்மனிடம் கேட்டது நாயைப் பற்றித்தான். வேறு எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஞாயிறு காலையில் பழைய பெயின்ட் வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போனேன். எலும்பைப் பையில் போடாமல் என்னிடம் கொடுங்கள், நாய்களுக்குத் தூரத்தில் வைத்துவிடுகிறேன் என்று கேட்டேன்.

“என்னாத்துக்கு மாமா சொமக்குறீங்க? அதான் போத்தல் இருக்கே!” என்றாள் எட்டாவது காம்பராக்காரி. முன்பாவது பை வாயைக் கயிறு போட்டுக் கட்டுவாள். இப்போது திறந்தே வைத்திருந்தாள்.

தலைவர் வாசலைத் தவிர எல்லா வாசலிலும் இதே பதில். நான் பீலிக்கரையில் செய்த பிரசங்கத்தை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். கோழி வாசம் லயம் முழுக்க எழுந்தது. ஏழு நாயும் டவுனிலிருந்து திரும்பி வந்து தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. செவலைதான் முன்னால்.

வேறு வழியில்லாமல் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க மாமா! இன்னிக்கு ரெண்டு தோட்டத்துத் தலைவருங்க விருந்துக்கு வாராங்க. நம்ம போத்தல நேர்ல பாக்கணுமாம்.”

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவர் முகம் போத்தலின் நிறத்துக்கு வந்தது.

“அப்ப நீலம்?”

“நீலம் துணிக்கு, தலைவரே.”

“இத இப்பவா சொல்றது?” என்றவர் நாய்களைப் பார்த்தார், திறந்த பைகளைப் பார்த்தார், கீழ் ரோட்டையும் எட்டிப் பார்த்தார். பிறகு என் வாளியைத் தானே தூக்கிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் செய்ததைச் செய்ய எனக்குத் தைரியம் வந்திருக்காது. முதல் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார்: “தேர் முடிஞ்ச ஞாயிறு எலும்பக் குப்பையில போடப்படாது. சாமி குத்தம். எல்லாத்தையும் இந்த வாளியில போடுங்க, கோயில் பேர்ல தனியா வெக்கணும்.”

“இது எப்பருந்து தலைவரே?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஒங்க தாத்தா காலத்துலருந்து. மாமாவக் கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். நாய்க்கு எலும்பு கேட்டபோது ஒரு வாசலிலும் கிடைக்கவில்லை. சாமி குத்தம் என்றதும் வாளி இரண்டு முறை நிறைந்தது. சட்டியிலிருந்த நல்ல துண்டையும் சேர்த்துப் போட்டவர்கள் இருந்தார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் முன்பு பிள்ளைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக்காம்பராவின் பின்னால், லயத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் கொட்டினோம். ஏழு நாயும் அங்கே போய்விட்டன. விருந்தாளிகள் வந்து போத்தல்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு பை கிழியவில்லை. எத்தனை சொட்டு நீலம் என்று கேட்டு ஒருவர் எழுதிக்கொண்டார். தலைவர் கொஞ்சமும் யோசிக்காமல் பதினொன்று என்றார்.

அவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் பிள்ளைக்காம்பராவின் பின்பக்கம் போனோம். நான் மெதுவாகக் கேட்டேன்:

“தலைவரே, லொறி?”

“எந்த லொறி?”

“நாயி ஏத்துற லொறி.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“வெளங்காம பேசாதீங்க மாமா. அடுத்த மாசம் அட்டன்லருந்து ஆள் வாராங்க. நாயே இல்லாத தோட்டத்துல போத்தல வெச்சா எவன் நம்புவான்? ஏழுல ஒண்ணு கொறையப்படாது. முக்கியமா அந்தச் செவலை. அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச நாயி.”

சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையின் கையை மடித்தார். வாளியின் அடியில் ஒட்டியிருந்ததை ஒரு குச்சியால் வழித்து, செவலைக்கு முன்னால் போட்டார்.